இன்னொரு தடவை என்று நான் கேட்டது

செய்தி வந்தது பின்னேரம் மூன்று மணி பதினெட்டு நிமிடத்துக்கு. நான் எல்லோருக்கும் சொல்லியிருப்பது நாலு மணி பத்து. மகளே, இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் இருக்கிற ஐம்பத்திரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இப்போது உனக்கு நாலு வயது. என் காலடியில் இருந்து என் அளவு நாடாவை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருக்கிறாய். இதை நீ வாசிக்கும்போது உனக்கு இருபதோ இருபத்திரண்டோ ஆகியிருக்கும். வீட்டை விட்டுப் படிக்கப் போகிற நாளாக இருக்கலாம், கலியாண நாளாகவும் இருக்கலாம். அப்போது நான் உன் பக்கத்தில் இருப்பேனா, நீ என்னோடு கதைக்கிற ஆளாக இருப்பாயா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். இன்றைக்கு ஏழு மணிக்கு ஒரு மேடையில் ஏறி நான் பேச வேண்டும். பேசினால் அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொன்னதாகிவிடும்.

என் தொழில் என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கும். சினிமாவில் கமராவுக்குப் பக்கத்தில் நின்று ஃபோகஸ் பிடிக்கிறவன் நான். நடிகர் முன்னால் சாய்ந்தால், பின்னால் போனால், அந்தத் தூரத்துக்கு லென்ஸைத் திருப்பி முகத்தைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும். நன்றாகச் செய்தால் ஒருவருக்கும் நான் இருந்தது தெரியாது. பிழைத்தால் எல்லோருக்கும் தெரியும். உன் அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னா, "இது என்ர வேலை மாதிரித்தான். நல்லாச் செய்தா ஒருத்தரும் நன்றி சொல்லாயினம்." அவ அஜின்கோர்ட்டில் ஒரு கண் கிளினிக்கில் வேலை செய்தா. வருகிறவர்களின் நாடியை ஒரு தாங்கியில் ஊன்ற வைத்து, இந்தப் புள்ளியைப் பாருங்கோ, கண் சிமிட்டாதேங்கோ என்று பார்வையைச் சோதிக்கிற வேலை.

இனி அந்தக் கிழவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைத் தெரியாமல் மிச்சம் உனக்கு விளங்காது. இத்தாலியர். ஒளிப்பதிவாளர். படப்பிடிப்பில் நாங்கள் எல்லோரும் அவரை மாஸ்ட்ரோ என்றுதான் கூப்பிடுவோம், உன் அம்மா மட்டும் "உங்கட இத்தாலிக் கிழவர்" என்பா. அவருடைய அப்பா வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர். சின்ன வயதில் அப்பாவோடு போய், வெறும் வீடுகளுக்குள் நின்று, புதிதாக வெள்ளையடித்த சுவரில் பட்டு வெளிச்சம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததுதான் தன் படிப்பு என்று சொல்வார். பிறகு ரோமுக்குப் போய்ப் பதினொரு வருடம் மற்றவர்களின் கமராப் பெட்டி சுமந்தார். முப்பத்துநாலு வயதில்தான் சொந்தமாக ஒரு படம் கிடைத்தது. அந்தப் படத்துக்கு விளக்கு வாங்க வழியில்லை. அதனால் யன்னலையே விளக்காக வைத்து எடுத்தார். அதற்குப் பிறகு விளக்கு எத்தனையும் கிடைத்தது, விருது எத்தனையும் கிடைத்தது, அமெரிக்கா கூப்பிட்டது. ஆனால் ஒரு அறைக்குள் போனவுடன் அவர் நடிகையின் முகத்தைப் பார்க்கமாட்டார், முதலில் சுவரைத்தான் பார்ப்பார். சுவர் சரியில்லை என்றால் பூசச் சொல்வார். ஒரு தடவை பெரிய நட்சத்திரம் ஒருவரை மேக்கப்போடு மூன்று மணித்தியாலம் காக்கவைத்துவிட்டு, ஒரு மூலைச் சுவருக்குத் தானே நின்று சாம்பல் நிறம் அடித்தாராம். அதை எனக்குச் சொல்லும்போது அவர் கண்ணில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து நான் நினைத்தேன், மனிதன் என்றால் இப்படி வேலை செய்ய வேண்டும். உனக்கு இந்தப் புத்தி வேண்டாம். ஆனால் எனக்கு அப்போது அதுதான் இருந்தது.

அவர் ரொறொன்ரோவுக்கு வந்து எடுத்த மூன்று படத்திலும் நான்தான் ஃபோகஸ் பிடித்தேன். இரண்டாவது படம் முடிகிற சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். நீ அப்போது அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். அம்மா இடியப்பமும் சொதியும் வைத்து, அவருக்கு உறைக்கும் என்று மீனைத் தனியாகப் பொரித்திருந்தா. கிழவர் குசினி யன்னல் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டு அம்மாவை அதில் இருக்கச் சொன்னார். ஒரு நிமிடம் பார்த்தார். "இந்தப் பெண்ணை இந்த யன்னலை விட்டு எழும்ப விடாதே" என்று எனக்குச் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னபோது அம்மா, "அப்ப ஆர் கோப்பை கழுவுறது? அவரைக் கழுவச் சொல்லுங்கோ" என்று சிரித்தா. பிறகு அவர் சொதியை அள்ளி இடியப்பத்துக்குப் பக்கத்தில், மேசை விரிப்பில், ஊற்றினார். அது தெரியாமலே சாப்பிடத் தொடங்கினார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அம்மா பார்த்துக்கொண்டேயிருந்தா.

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவுடன் கேட்டா.

"இஞ்சாருங்கோ, அவருக்குக் கண் தெரியாதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"விசர்க்கதை கதையாதேயும். உலகத்திலேயே நல்ல கண் அவற்றதான்."

"நடுவில தெரியேல்லை. என்னைப் பாக்கேக்க முகத்தைச் சரிச்சுக்கொண்டு ஓரத்தாலதான் பாத்தவர். ஒரு நாளைக்கு இப்பிடி எத்தினை பேரை நான் பாக்கிறன்? அதுதான் நானும் அவருக்கு வடிவாத் தெரிஞ்சிருக்கிறன், பாவம்."

அம்மா சொன்னது சரி. அடுத்த நாள் நான் அவரிடமே கேட்டேன். தன் மகளுக்கும் இனி எனக்கும் மட்டும்தான் தெரியும் என்றார். வெளியே தெரிந்தால் அடுத்த படத்துக்கு அவரை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். வெளிச்சத்தை அவரால் இன்னும் எவரையும் விட நன்றாகப் பார்க்க முடிந்தது. ஒரு இமை மயிர் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஷொட் முடியவும் என் தோளில் கையை வைத்து அமத்துவார். நான் தலையாட்டினால் நல்லது. ஆட்டாவிட்டால் இன்னொரு தடவை. அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப அவரை நடுவழியில விட்டிடாதேங்கோ, நீங்கள்தானே இப்ப அவற்ற கண்" என்றா. இதை என் பக்க நியாயமாக எழுதவில்லை. அவ அப்படிப்பட்ட ஆள் என்று நீ தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

மூன்றாவது படம். டிசம்பர். உனக்கு இரண்டு வயது. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் ஒரு வீடு. நான் அகதிப் பிள்ளையாக வந்து வளர்ந்த கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். மேற்குப் பார்த்த யன்னல். ஒரு நடுவயதுப் பெண் யன்னலோரம் இருக்கிறாள். முன்னால் உள்ள கட்டடத்துக்குப் பின்னால் சூரியன் இறங்க, அவளுடைய முகத்திலிருந்து வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிப் போகிறது. அவள் கண்ணாடிப் பக்கம் மெல்லச் சாய்கிறாள். நாலு நிமிடம். ஒரு விளக்கும் இல்லை. மூன்று நாள் மேகத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில்.

கிழவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஷொட்டுக்கு முன் எல்லோரும் போனை நிறுத்தி, வாசலில் அவர் வைத்திருக்கிற பாண் ரொட்டிக் கூடைக்குள் போட வேண்டும். நடிகைக்கும் அதுதான், தயாரிப்பாளருக்கும் அதுதான். அன்றைக்கு என் போன் கூடைக்குள் இல்லை. தூரக் கணக்குப் பார்க்கிறதுக்காகச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன், நிறுத்தவில்லை. அது கிழவருக்குத் தெரியாது. வேறு ஒருவருக்கும் தெரியாது.

மூன்று மணி கழிந்து முதல் தடவை எடுத்தோம். முடிந்தவுடன் இயக்குநர், சின்னப் பெடியன், அழுதுவிட்டான். "எனக்கு இது போதும்" என்றான். கிழவர் என் தோளில் கையை வைத்தார். அந்த நேரம்தான் என் நெஞ்சுக்கு மேல் போன் அதிர்ந்தது. குனிந்து லென்ஸைத் துடைக்கிற மாதிரிச் சட்டைப் பைக்குள் பார்த்தேன். மூன்று பதினெட்டு. அம்மா இங்கிலிஷ் எழுத்தில் தமிழ் அடிப்பா. "தலை வெடிக்கிற மாதிரிக் கிடக்கு. இப்பிடி ஒருநாளும் வந்ததில்லை. வருவீங்களோ?"

நன்றாகக் கேள் மகளே. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். வேறு ஒன்றும் செய்யத் தேவையில்லை. நல்லது என்று ஒரு தலையாட்டல். கூடையிலிருந்து எல்லோரும் போனை எடுத்திருப்பார்கள், நான் கீழே இறங்கிக் காரை எடுத்திருப்பேன், அல்லது அங்கேயே நின்று அம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். நான் ஆட்டவில்லை. ஏனென்றால் கடைசி ஐந்து வினாடியில் நடிகை ஒத்திகையில் சாய்ந்ததை விட ஒரு அரிசி நீளம் கூடச் சாய்ந்துவிட்டாள், என் கை அதைப் பிடிக்கவில்லை, அவளுடைய இமை கொஞ்சம் கலங்கிவிட்டது. அறையில் ஒருவரும் அதைக் காணவில்லை. நான் கண்டேன். என் பிழை. உலகம் முழுக்கப் பார்க்கப் போகிற ஒரு ஷொட்டில் என் பிழை நிற்கப் போகிறது என்பதுதான் அந்த நேரம் என் மண்டைக்குள் இருந்தது.

கிழவர் கேட்டார், "கட்டடத்தின் மறுபக்கத்தால் சூரியன் திரும்ப வரும், அடுத்த கட்டடத்துக்குள் இறங்க முன் இன்னொரு தடவைக்கு வெளிச்சம் இருக்கிறது. தேவையா?"

"தேவை" என்றேன்.

சட்டைப் பைக்குள் பெருவிரலால் அடித்தேன். "ஒரு ஷொட்தான். முடிச்சிட்டு வாறன். குளிசை போட்டிட்டுப் படும்." உடனே பதில் வந்தது. "சரி. ஆறுதலா வாங்கோ." அம்மா எனக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுதான். அவசரமில்லை, மெதுவாக வாங்கோ என்று.

நடிகையின் கண்ணீரைத் துடைத்து, முகத்தைத் திரும்பச் சரிபண்ணி, கதிரையை அடையாளத்தில் வைத்து, இரண்டாந் தடவை எடுத்து முடிய நாலு மணியாகிவிட்டது. அது தெளிவாக இருந்தது. தலையாட்டினேன். கிழவர் என் கன்னத்தில் தட்டினார். நாலு பத்துக்கு வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நித்திரையாக்கும் என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான். வாகன நெரிசலில் வீட்டுக்கு வர ஐந்து கடந்துவிட்டது. நீ சோபாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, அம்மாவின் கையைத் தூக்கி உன் தலையில் வைத்து, அது விழ விழத் திரும்பத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். "அம்மா ஸ்லீப்பிங்" என்றாய். கதவிலிருந்து அந்தச் சோபாவுக்கு ஒன்பது அடி நாலு அங்குலம். பிறகு ஒருநாள் அளந்தேன். ஏன் அளந்தேன் என்று கேட்காதே. எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மெஷினில் வைத்திருந்தார்கள், மூன்றாம் நாள் போய்விட்டா. டொக்டரிடம் கேட்டேன், ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால்? அந்தப் பெண், "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதை உங்களிடமே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்" என்றா. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைக் கண்ணால் சொல்கிறவன் நான். என் வாழ்க்கையில் எனக்குத் தேவைப்பட்ட ஒரேயொரு அளவை எவராலும் சொல்ல முடியவில்லை.

பொய்யை நான் தேடிப் போகவில்லை. அது என்னிடம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த உன் பெரியம்மா, அம்மாவின் அக்கா, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டா, "தம்பி, அவள் உமக்கு அடிக்கேல்லையே? ஒரு மெசேஜும் போடேல்லையே?" நான் சொன்னேன், "அக்கா, அங்க போனை நிப்பாட்டி வைக்கவேணும். நாலு பத்துக்குத்தான் பாத்தனான்." அவ என் சட்டையை விட்டா. "நீர் என்ன செய்வீர்" என்று என் தலையைத் தடவினா. அந்தத் தடவலை என் உடம்பிலிருந்து எடுக்க முடியவில்லை.

செத்தவீட்டுக்குக் கிழவர் வந்தார். கறுப்புக் கோட், மகளின் கையைப் பிடித்தபடி. எங்கள் ஆட்கள் எழும்பி வழிவிட்டார்கள். அவர் நேராகப் பெரியம்மாவிடம் போய் அவவின் இரண்டு கையையும் பிடித்தார். "என்னுடைய கூடை. என்னுடைய சட்டம். அவளுடைய குரலை அவனுக்குப் போக விடாமல் தடுத்தது நான்" என்றார். பெரியம்மாவுக்கு அவருடைய இங்கிலிஷ் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தா. நான் தமிழில் சொன்னேன். அவ அழுதுகொண்டே, "நீங்கள் தெரிஞ்சு செய்தனீங்களே, அங்கிள்? உங்களில ஒரு கோவமும் இல்லையெண்டு சொல்லும் தம்பி" என்றா. அதையும் நான்தான் இங்கிலிஷில் சொன்னேன். என் குற்றத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டதையும், அதை இன்னொருவர் மன்னித்ததையும், இரண்டு பக்கமும் நின்று நானே மொழிபெயர்த்தேன். குரல் நடுங்கவில்லை. அம்மாவின் பெட்டி பின்னால் இருந்தது. நான் அழவும் இல்லை. இன்றுவரை அழவில்லை. எனக்குள் எதுவோ வேலை செய்யவில்லை.

அந்தப் படத்துக்குப் பிறகு அவர் கமராவைத் தொடவில்லை. ஐம்பது வருடத் தொழில். எண்பத்தொரு வயதிலும் அடுத்த படத்துக்குச் சுவர் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். பத்திரிகைகள் வயது என்று எழுதின. கூடையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு, இனி ஒருவரையும் காக்கவைக்கமாட்டேன் என்று சொன்னதாக அவருடைய மகள் எனக்கு எழுதினா. ஒரு வரி பதில் எழுதியிருக்கலாம். மாஸ்ட்ரோ, என் போன் கூடைக்குள் இருக்கவில்லை என்று. எத்தனையோ தடவை எழுதி அழித்தேன். இந்த வசந்தத்தில் அவர் போய்விட்டார். என் பிழையைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

இன்றைக்கு ஏழு மணிக்கு இங்கே அவருக்கு அஞ்சலி. அந்தக் கடைசிப் படத்தைக் காட்டுகிறார்கள். யன்னல் ஷொட்டைப் பற்றி நான் பேச வேண்டும். ஆயத்தம் செய்யச் சொல்லிப் போன வியாழக்கிழமை படத்தை அனுப்பியிருந்தார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, குசினி மேசையில், முதல் தடவையாக முழுதாகப் பார்த்தேன். வெளிச்சம் ஏறியது. அவள் சாய்ந்தாள். கடைசியில் இமை கலங்கியது.

நிறுத்தித் திரும்பப் பார்த்தேன். இன்னும் பத்துத் தடவை பார்த்திருப்பேன். கலங்கித்தான் இருந்தது. அவர்கள் படத்தில் வைத்திருப்பது முதல் தடவை எடுத்தது. இரண்டாந் தடவை எடுத்ததை ஒருவரும் பாவிக்கவில்லை. அனுப்பியவர்கள் கூடவே ஒரு குறிப்பும் வைத்திருந்தார்கள். அந்தக் கடைசிக் கலங்கல்தான் அவருடைய முழு வாழ்க்கையின் உச்சம், அந்த முகம் நம் கண்ணீருக்குள்ளால் தெரிகிற மாதிரி இருக்கிறது, அதைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள் என்று. மகளே, அது கண்ணீர் இல்லை. அது நான் விட்ட ஒரு அரிசி நீளம். அதைத் திருத்தத்தான் உன் அம்மாவைப் படுக்கச் சொன்னேன். திருத்தியது ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஒன்று சொல்கிறேன். உன் வேலையில் உனக்கு மட்டும் தெரிகிற ஒரு குறை இருந்தால், அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போ. உன்னை ஒருவர் வருவீங்களோ என்று கேட்டால், கேட்கிற ஆள் ஆறுதலாக வாங்கோ என்று சொன்னாலும், போ.

பெரியம்மா காலையில் ஸ்ரௌவ்வில்லில் தன் வீட்டிலிருந்து கூப்பிட்டா. "தம்பி, சீலை எல்லாம் அயன் பண்ணிப்போட்டன். பிள்ளைக்கு அந்த மஞ்சள் சட்டையைப் போட்டு விடும். தங்கச்சி விழுந்த அண்டைக்கு நீர் எடுத்த ஷொட்டாம், நாங்கள் எல்லாரும் வந்து முன்னுக்கு இருந்து பாக்கப்போறம். ஆறு மணிக்கு வந்து ஏத்திறன்." உனக்குத் தலை பின்னி விடுகிறது அவ. காய்ச்சல் வந்தால் ஓடி வருகிறது அவ. நான் வேலைக்குப் போகிற நாளில் நீ படுக்கிறது அவவின் மடியில். இந்த இரண்டு வருடமும் உன்னை என்னிடம் விட்டுவைத்திருப்பதே, என்னில் ஒரு பிழையும் இல்லை என்று அவ நம்புவதால்தான். உண்மை தெரிந்தால் உன்னைக் கொண்டுபோய்விடுவா. கொண்டுபோனால் பிழை என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு நீ மட்டும்தான் இருக்கிறாய். இரண்டு வருடமாக நான் வாயைத் திறக்காததற்கு அது ஒன்றுதான் காரணம்.

ஆனால் அந்தச் சனத்தை முன்வரிசையில் இருத்திவிட்டு, மஞ்சள் சட்டையோடு உன்னை இருத்திவிட்டு, அந்த இமையைப் பற்றி என்னால் பேச முடியாது.

அம்மாவின் செய்தியும் நான் அடித்த வரியும் அவவின் பதிலும் இன்னும் என் போனில் இருக்கின்றன. நேரத்தோடு. சற்று முன் அதை அப்படியே படமெடுத்தேன். கீழே, "அக்கா, போன் என்ர பையுக்குள்ளதான் இருந்தது. கிழவரில ஒரு பிழையும் இல்லை. நான் வீட்டிலதான் நிக்கிறன்" என்று எழுதினேன். பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். நீ நாடாவின் நுனியைக் கொண்டுவந்து என் முழங்காலில் வைத்து, "அப்பா, ஹவ் ஃபார்?" என்று கேட்டாய். "ரெண்டு அடி" என்றேன். நீ அப்படியே என்னில் சாய்ந்துகொண்டு, "இப்ப?" என்றாய்.

ஸ்ரௌவ்வில்லில் இருந்து இங்கே வர முப்பத்தைந்து நிமிடம். கதவைப் பூட்டவில்லை. மஞ்சள் சட்டையைப் போட்டு விட்டிருக்கிறேன், உன் உடுப்புப் பையும் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன், அவ கேட்டால் தேடக் கூடாது என்று. அம்மா போன நாளிலிருந்து இந்தப் போனை நான் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. குளிக்கிற இடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் வைத்திருந்தேன், யார் கூப்பிடுவார்கள் என்று எனக்கே தெரியாமல். இப்போது மேசையில் அது அடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்துப் பெரியம்மாவின் குரலைக் கேட்க எனக்குத் துணிவில்லை. நேரில் வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அன்றைக்கு நிறுத்தியிருந்ததாக எல்லோருக்கும் சொன்ன அந்தப் போனை, மகளே, இன்றைக்குத்தான் நிறுத்திவிட்டேன்.